விபூதி வராத கோயில்

சந்தேகப்படுவதற்கென்றே மாதச் சம்பளம் வாங்குகிறவர்களில் போலீஸ்காரர்களுக்கு அடுத்தபடியாக, பாயான் லெப்பாஸ் பெக்டரிகளில் கியூசி என்று தரம் சோதிக்கும் பெண்களைத்தான் சொல்ல வேண்டும். குணவதி அந்த வகை. தட்டில் வரிசை கட்டி வரும் கம்ப்யூட்டர் சில்லுகளை மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்துக் கீறல் இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. எல்லாமே கெட்டது என்று முதலில் முடிவு கட்டிக்கொள்வாள். கெட்டதில்லை என்று நிரூபணம் ஆனது மட்டும் அடுத்த மேசைக்குப் போகும். ஐம்பது தாண்டியும் அவளை வீட்டுக்கு அனுப்ப மேனேஜருக்கு மனம் வரவில்லை.

வேலை முடிந்ததும் மைக்ரோஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வருவாள். கண்ணைக் கழற்றி வைக்க முடியவில்லை. ஆயர் ஈத்தாம் பாசாரில் மீன்காரன் செவுளைத் தூக்கிக் காட்டினால், சாயம் பூசியிருக்கிறானா என்று விரலால் தேய்த்துப் பார்ப்பாள். குடியிருக்கும் அடுக்குமாடியின் லிஃப்டில் தெரியாத ஆள் ஏறினால் இவள் இறங்கி அடுத்த லிஃப்டுக்கு நிற்பாள். கோயிலில் யாராவது வலிய வந்து நலம் விசாரித்தால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம், இவள் எதற்கு என்னிடம் வந்து பேசினாள் என்று மண்டையைக் குடைந்துகொள்வாள்.

இப்படிப்பட்டவள், சந்தேகப்பட வேண்டிய ஒரே ஒருவனைச் சந்தேகப்படாமல் விட்டுவிட்டாள். அவன் அவளுடைய தம்பி மோகனராஜ்.

அப்பா அம்மா போனபின் அவனை வளர்த்தவள் அவள்தான். அவனைப் படிக்க வைத்து, வேலைக்கு அனுப்பி, கெப்பாலா பத்தாஸில் பெண் பார்த்துக் கட்டி வைத்தாள். அந்த அலைச்சலில் தனக்கு ஒரு கல்யாணம் என்பதையே மறந்துபோனாள். தம்பி மனைவி ஜெகதீஸ்வரி அமைதியான பெண். கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் வாடகை வீடு, ஒரு மகள், பின்னாலேயே ஒரு மகன் என்று குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் ஜெகதீஸ்வரி மட்டும் தனியாக ஃபெர்ரி ஏறித் தீவுக்கு இவளைத் தேடி வந்தாள். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. குணவதி மைலோ கலக்கிக் கொடுத்து, "அவனுக்குக் கோவம் வரும்மா, வந்த வேகத்துல எறங்கிரும். நீ கொஞ்சம் வாயக் கொறச்சுக்க" என்று சொல்லி அனுப்பி வைத்தாள். அவள் அடுத்த ஃபெர்ரியில் திரும்பிப் போனாள். அந்த வருடம் முடிவதற்குள் அந்த வீட்டுச் சமையலறையில், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைப் பிடுங்கியே மோகனராஜ் அவளைக் கொன்றுவிட்டான். மகள் திவேஷினிக்கு அப்போது ஒன்பது வயது. தம்பி தர்வினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, அறைக் கதவை முதுகால் அழுத்திக்கொண்டு நின்றிருக்கிறாள். போலீஸ் வந்து வெகுநேரம் கெஞ்சிய பிறகுதான் திறந்தாள்.

பிள்ளைகளை யார் எடுத்துக்கொள்வது என்று பேச்சு வந்தபோது சுற்றம் முழுக்கத் தரையைப் பார்த்தது. ஜெகதீஸ்வரியின் தம்பி லோகேஸ்வரன் அப்போது சிங்கப்பூரில், ஆறு பேரோடு ஓர் அறையில் இருந்தான். கையை நீட்டியவள் குணவதி ஒருத்திதான். அதற்கும் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது: கொலைகாரனின் அக்கா சும்மாவா எடுப்பாள், பிள்ளைகளை வைத்துத் தம்பிக்குச் சாதகமாகச் சாட்சி சொல்ல வைக்கத்தான் என்றார்கள். வழக்கு முடிந்து, மோகனராஜுக்கு நீண்ட கால தண்டனை விழுந்து, பெருநிலத்துச் சிறைக்குக் கொண்டுபோன பிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை.

குணவதி பிள்ளைகளை வளர்த்ததும் கியூசி பார்ப்பது மாதிரிதான். பள்ளியில் புது ஆசிரியர் வந்தால் அவர் குலம் கோத்திரம் வரை விசாரிப்பாள். பிள்ளைகளுக்கு யாராவது மிட்டாய் கொடுத்தால் வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொள்வாள். வீட்டில் கத்தி என்று ஒன்று கிடையாது. கோழியைப் பாசாரிலேயே வெட்டி வாங்கினாள். காய்கறியைக் கத்தரிக்கோலால் வெட்டினாள். வெங்காயம் மட்டும் கத்தரிக்கோலுக்குப் படியவில்லை. அதற்குப் பக்கத்து வீட்டு சல்மா வழி செய்தாள். தனக்கு நறுக்கும்போதே இவளுக்கும் சேர்த்து நறுக்கி, மூடி போட்ட டப்பாவில் காலையில் கொடுத்துவிடுவாள். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. குணவதி வேலைக்குப் போயிருக்கும்போது பள்ளி விட்டு வரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் சல்மாதான்.

சிங்கப்பூரிலிருந்து லோகேஸ்வரன் திரும்பி வந்த பிறகுதான் குணவதியின் தூக்கம் கெட்டது. வந்தவன் கல்யாணம் செய்துகொண்டு, கெப்பாலா பத்தாஸில் மோட்டார் சைக்கிள் பட்டறை போட்டான். பிள்ளைகளைப் பார்க்க வந்தான். தர்வினுக்கு ஒரு கரடி பொம்மையும் திவேஷினிக்கு ஒரு கைப்பேசியும் கொண்டு வந்தான். கைப்பேசியை குணவதி அப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவன் சொன்னான்:

"எங்கக்காவக் கொன்னவன் வீட்டு ஆளுங்க கையில அவ புள்ளைங்க வளர்றது எனக்குப் புடிக்கலக்கா. மரியாதையாத்தான் கேக்கறேன், குடுத்துருங்க. இல்லன்னா கோர்ட்டுக்குப் போவேன். அங்க ஜட்ஜு புள்ளைங்களத்தான் கேப்பாரு."

"கேக்கட்டும்லா. மூனு வருசமா அதுங்களுக்குக் காய்ச்சல் வந்தப்ப எவன் வந்தான்னும் சேர்த்துக் கேக்கட்டும்" என்றாள் குணவதி. வாய்தான் அப்படிப் பேசியது. கதவைச் சாத்தியதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பிள்ளைகள் போய்விட்டால் அவளுக்கு வீடு என்று சொல்லிக்கொள்ள மிச்சம் எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு விநோதம் நடக்க ஆரம்பித்தது. வீட்டில் நடப்பது ஒவ்வொன்றும் லோகேஸ்வரனுக்குத் தெரிந்தது. தர்வினுக்கு வயிற்றுப்போக்கு என்றால் மாலைக்குள் போன் வரும். இரண்டு நாள் தொடர்ந்து மேகி மீ சாப்பிட்டால், "என்னக்கா, வீட்டுல சமைக்கறதில்லையா?" என்பான். யாரோ சொல்கிறார்கள். யார்?

பெக்டரியில் சில்லில் கீறல் விழுந்தால், எந்த மெஷின் கீறுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு முறை உண்டு. ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனியாக அடையாளம் போட்ட சில்லை அனுப்பிப் பார்ப்பார்கள். குணவதியும் அதையே செய்தாள். தர்வினை மலாய்ப் பள்ளிக்கு மாற்றப்போவதாக சல்மாவிடம் மட்டும் ஒரு பொய் சொன்னாள். ஈப்போவுக்கு வீடு மாறப்போவதாகக் கோயில் வாசலில் பூ விற்பவளிடம் மட்டும் இன்னொரு பொய். பிறகு லோகேஸ்வரனின் போனுக்குக் காத்திருந்தாள். அவன் இரண்டையும் கேட்கவில்லை. "தர்வின் மறுபடியும் படுக்கையில ஒன்னுக்குப் போறானாமே?" என்று கேட்டான். அதை அவள் ஒரு ஈ காக்கையிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

வீட்டுக்குள்ளேயே ஏதோ வைத்திருக்கிறான் என்று முடிவு கட்டினாள். கூரையில் சுற்றும் காற்றாடியின் மூடியைக் கழற்றிப் பார்த்தாள். கடைசியில் அந்தக் கரடி பொம்மையைக் கத்தரிக்கோலால் வயிற்றைக் கிழித்துத் துழாவினாள். உள்ளே பஞ்சைத் தவிர ஒரு மண்ணும் இல்லை. தர்வின் அழுத அழுகையில் சல்மா ஓடி வந்துவிட்டாள். திவேஷினி ஊசி நூல் எடுத்து வந்து கரடியைத் தைத்துக் கொடுத்தாள். சந்தேகம் குடம் குடமாகப் பொங்கி வழிந்துகொண்டிருந்த அந்த வீட்டில், திவேஷினி மேல் மட்டும் அதில் ஒரு சொட்டு விழவில்லை.

அதே வாரம் சனிக்கிழமை காலையில் குணவதி குளியலறையில் ஒரு வாளியைப் பார்த்தாள். பள்ளிச் சீருடைப் பாவாடை சவுக்காரத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. தண்ணீர் லேசாகச் சிவந்திருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. பிள்ளை பெரிய மனுசி ஆகிவிட்டாள், அதைத் தன்னிடம் சொல்லாமல் தானே துவைக்கப் பார்க்கிறாள். சந்தோசமும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஜெகதீஸ்வரி பார்க்க வேண்டிய காட்சி இது, அவள் இல்லை. அவள் இல்லாமல் போனதில் தனக்கும் பங்கு உண்டு என்பது குணவதிக்கு வேறு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

திவேஷினியை உட்கார வைத்து நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் கொடுத்தாள். பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினாள்.

"மாமாவுக்குச் சொல்லணும்ல அத்தை?"

கேள்வி நியாயமானதுதான். பெண் பெரியவளானால் முதலில் சேதி போக வேண்டியது தாய்மாமனுக்கு. பச்சை ஓலை கொண்டுவந்து குடிசை கட்ட வேண்டியவன் அவன். தலைக்கு முதல் தண்ணீர் ஊற்ற வேண்டியவள் அத்தை. இரண்டு பக்கமும் கூடாமல் இந்தச் சடங்கு நடக்காது. ஆனால் குணவதியின் மண்டைக்குள் வேறு கணக்கு ஓடியது. சீர்த் தட்டோடு வருகிறவன் பெண்ணைக் கூட்டிக்கொண்டுதான் போவான், வயதுக்கு வந்த பெண் தாய்மாமன் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று நாலு பேரைக் கூட்டி நியாயம் பேசுவான்.

"அப்புறம் சொல்லிக்கலாம்மா. நாளைக்கு நாமளே சின்னதா தலைக்கு ஊத்திக்கலாம். யாருக்கும் சொல்ல வேணாம்."

திவேஷினி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "சரி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை குணவதி வாளியில் மஞ்சள் கரைத்துக்கொண்டிருந்தபோது, நடைபாதையில் எதையோ தரதரவென்று இழுத்து வரும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் லோகேஸ்வரன் நிற்கிறான். தோளில் பச்சைத் தென்னங்கீற்று. லிஃப்டுக்குள் நுழையாத கீற்றை மடக்கி முறித்து, பாதி கிழித்து, எப்படியோ மேலே கொண்டுவந்திருந்தான். சட்டையெல்லாம் ஓலைத் தும்பு. பின்னால் அவன் மனைவி பட்டுப் பாவாடை வைத்த தட்டோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

"எங்கக்கா மகளுக்கு நான் ஓலை கட்டக் கூடாதாக்கா?" அவன் சத்தம் போடவில்லை. கண் கலங்கியிருந்தது. "கொன்னதுதான் உங்க தம்பி. இதையுமா எங்ககிட்டேருந்து புடுங்கணும்?"

குணவதிக்குப் பதில் இல்லாதவர்களுக்கு வரும் கோபம் வந்தது. விறுவிறுவென்று போய் சல்மா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"ஏன் சல்மா இப்படிப் பண்ண? நேத்து மஞ்சள் வாங்கியாரச் சொன்னப்ப உன்கிட்ட மட்டும்தானே விசயத்தச் சொன்னேன்? எத்தனை நாளா அவனுக்கு ஆள் வேல பாக்கற?"

சல்மா கையில் கரண்டியோடு வந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன குணா பேசற? நான் யாருக்குச் சொன்னேன்?"

"நடிக்காதலா! வெங்காயம் நறுக்கிக் குடுத்தே என் வீட்டுக்குள்ள நொழஞ்சிட்ட."

சல்மாவின் முகம் சுண்டிப்போனது. அப்போதுதான் பின்னாலிருந்து திவேஷினியின் குரல் வந்தது.

"நான்தான் சொன்னேன் அத்தை."

எல்லாரும் திரும்பினார்கள். பெண் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சல்மாக்கா போன்லேருந்து. உங்களுக்குப் பண்றேன்னு சொல்லிட்டு மாமாவுக்குப் பண்ணுவேன். அவங்களுக்குத் தெரியாது. எல்லாமே நான்தான் சொன்னேன்."

கரடி பொம்மையின் பஞ்சு, காற்றாடியின் மூடி, ஈப்போ, மலாய்ப் பள்ளி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக குணவதிக்கு நினைவுக்கு வந்து அவளை அவமானப்படுத்தின.

"ஏன்டா கண்ணு? நான் உனக்கு என்ன கொற வச்சேன்?"

"நீங்க மாசா மாசம் ஃபெர்ரி ஏறி எங்க போறீங்க?"

"கோயிலுக்குத்தானே. பட்டர்வொர்த் அம்மன் கோயிலுக்கு. சொல்லிட்டுத்தானே போறேன்?"

"கோயிலுக்குப் போறவங்க ஏன் விபூதி கொண்டு வர மாட்டேங்கறீங்க?"

திவேஷினி விடாமல் பேசினாள். மூன்று வருடமாகச் சேர்த்து வைத்தது.

"இங்க இருக்கற கோயிலுக்குப் போனாக்கூட மடிச்சுக் கொண்டாந்து எனக்கும் தர்வினுக்கும் பூசிவிடுவீங்க. அங்க போனா மட்டும் ஒன்னும் வராது. குங்குமம் வராது, பூ வராது. வந்த ஒடனே குளிக்கறீங்க. அன்னிக்கு முழுக்க எங்க மொகத்தப் பாக்க மாட்டீங்க. அப்பாவைப் பாக்கத்தானே போறீங்க?"

மற்றவர்களின் பொய்யைத் தேடித் தேடிப் பிடித்தவள், தன் பொய்க்கு ஒரு காகிதத்தில் கொஞ்சம் சாம்பலை மடிக்க மறந்திருந்தாள். கோயில் பேரைச் சொல்லிவிட்டுக் கையை வீசிக்கொண்டு வந்தால் நம்ம வீடுகளில் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்துவிட்டது. வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆமா" என்றாள் குணவதி.

"பாத்தியா?" என்று லோகேஸ்வரன் மனைவியிடம் திரும்பினான். "நான் சொன்னேன்ல?"

திவேஷினி மாமா பக்கம் பார்க்கவில்லை. "அப்பா வெளிய வந்தா இந்த வீட்டுக்கு வருவாரா?"

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் ஒரு பொய்யைச் சொல்லிப் பிள்ளையை அணைத்துக்கொண்டிருப்பார்கள். குணவதியும் வாயைத் திறந்தாள். ஆனால் அந்தப் பெண்ணின் கண்கள் தன் மேல் நிற்கும் விதம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த விதம். பெக்டரியில் தினமும் அவள் அப்படித்தான் பார்ப்பாள்.

"போன தடவ கேட்டான். வெளிய வந்தா எங்க போவேன்க்கான்னு அழுதான். என் வீடு இருக்குல்லடான்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

லோகேஸ்வரன் கையிலிருந்த கீற்றைத் தரையில் போட்டான்.

"அவன் வர்றதுக்கு இன்னும் எத்தனையோ வருசம் இருக்கும்மா" என்று குணவதி அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். "அதுக்குள்ள நீ பெரிய ஆளாயிருவ. இப்பச் சொல்றேன், அவன் இங்க வர மாட்டான். உன் தலமேல சத்தியமா..."

"சத்தியம் பண்ணாதீங்க!" பெண் வீறிட்டாள். "அப்பாவும் அப்படித்தான். அடிச்சிட்டு, அடிச்சிட்டு, அம்மா தலமேல கைய வச்சு சத்தியம் பண்ணுவாரு."

குணவதி நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். அந்தக் கை அதன் பிறகு எங்கே போவது என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டது.

"திவே, தம்பிய ரெடி பண்ணு. ரெண்டு பேரும் மாமா வீட்டுக்குப் போறோம்" என்றான் லோகேஸ்வரன். "காடி கீழதான் நிக்குது."

திவேஷினி தலையை ஆட்டினாள். போகிறேன் என்றுதான் அர்த்தம். கோர்ட்டும் வேண்டாம், ஜட்ஜும் வேண்டாம், பிள்ளை தீர்ப்புச் சொல்லிவிட்டாள். குணவதி உள்ளே போய்ப் பிள்ளைகளின் துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். மடித்ததையே திரும்பப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

லோகேஸ்வரனின் மனைவிதான் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "தண்ணி ஊத்தாம எப்படிங்க புள்ளையக் கூட்டிட்டுப் போறது?"

"நம்ம வீட்டுல போய் ஊத்திக்கலாம். இவங்க கையால வேணாம்."

"அத்தையே ஊத்தட்டும்" என்றாள் திவேஷினி. "அம்மா இருந்தா அத்தையத்தான் கூப்பிட்டிருப்பாங்க."

குளியலறை வாசலில் இரண்டு கீற்றைச் சாய்த்துக் கட்டினான் தாய்மாமன். குடிசை என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். கட்டிக்கொண்டே புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கல்யாணம் ஆகாதவள் முதல் தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்க அங்கே ஆள் இல்லாததால் அந்தப் பிரச்சினையும் எழவில்லை. பெண் பலகையில் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்கள். மூடவில்லை. மஞ்சள் தண்ணீர் நெற்றியில் வழிந்து கண்ணுக்குள் இறங்கியபோதும், குணவதியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். குணவதி அடுத்த சொம்பைப் பின்னந்தலை வழியாக ஊற்றினாள்.

பிள்ளைகள் போனபின் வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் மட்டும் மிச்சமாக இருந்தது. மறுநாள் காலையில் வெங்காய டப்பா வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. குணவதி தானே சல்மா வீட்டுக்குப் போனாள்.

"நான் பேசினது தப்பு சல்மா."

"தப்புதான்" என்றாள் சல்மா. உள்ளே வா என்று சொல்லவில்லை. பிறகு, "புள்ளைங்க சாப்புட்டுச்சாமா?" என்று கேட்டாள்.

"தெரியல. யார் எனக்குச் சொல்லுவா?"

சல்மா கதவை விட்டு விலகி நின்று வழி விட்டாள். இருவரும் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள்.

அந்த மாதமும் குணவதி ஃபெர்ரி ஏறினாள். பட்டர்வொர்த்தில் இறங்கி பஸ் பிடித்து, வழக்கம்போல வரிசையில் நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மோகனராஜ் வந்து உட்கார்ந்தான். தலை நரைத்திருந்தது. இருவரும் ஆளுக்கொரு போனை எடுத்தார்கள்.

"புள்ளைங்க எப்படிக்கா இருக்கு?"

இத்தனை வருடமும் இந்தக் கேள்விக்கு அவள் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். இன்றைக்குப் போகவில்லை.

"என்னை விட்டுட்டுப் போயிருச்சுங்க. உன்னைப் பாக்க வர்றேன்னு தெரிஞ்சு போச்சு. மோகன், நான் ஒன்னு சொல்லணும். வெளிய வந்தா என் வீட்டுக்கு வராத."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், சின்ன வயதில் அழுவது போலவே, கீழுதட்டைப் பிதுக்கிக்கொண்டு அழுதான். அந்த முகத்தை அவள் எத்தனையோ தடவை முந்தானையால் துடைத்துவிட்டிருக்கிறாள். இப்போதும் அவளுக்குத் துடைக்கத்தான் தோன்றியது. கண்ணாடி இருந்தது நல்லதாகப் போயிற்று.

"எனக்கு உன்னை விட்டா யாருக்கா இருக்கா?"

"ஜெகா வந்தாடா என்கிட்ட. கன்னம் வீங்கி வந்தா. நீ நல்லவன்னு சொல்லித் திருப்பி அனுப்பினேன். அன்னிக்கு அவ எங்க போறதுன்னு நான் கேக்கல. இன்னிக்கு நீ எங்க போவன்னு கேக்க எனக்கு மனசு வருது. அதுதான்டா எனக்கு என் மேலயே வெறுப்பா இருக்கு."

அவன் போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனான். திரும்பிப் பார்க்கவில்லை. நேரம் முடிந்தது என்று காவலர் வந்து சொல்லும் வரை குணவதி காலியான நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு நாள் கழித்து லோகேஸ்வரனின் எண்ணிலிருந்து போன் வந்தது. எடுத்தால் திவேஷினி.

"அத்தை, போனீங்களா?"

"போனேன். வர வேணாம்னு சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"அழுதான். எந்திரிச்சுப் போயிட்டான்."

அந்தப் பக்கம் தூரத்தில் பட்டறையில் எதையோ தட்டும் சத்தம் கேட்டது.

"அவரு அழுதா நீங்க மனசு மாறிருவீங்க."

இல்லை என்று சொல்ல குணவதிக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"மாறிருவேனோன்னு எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு. அவன் எந்திரிச்சுப் போனப்ப கூப்பிடணும்போல இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். நீ என்னை நம்ப வேணாம் திவே. நான் எங்க போறேன், எப்ப வர்றேன், யார்கிட்ட பேசறேன்னு பாத்துக்கிட்டே இரு. மாமாவுக்குச் சொல்லணும்னா சொல்லு. சல்மாக்கா போனு வேணாம், நீ இங்க வர்றப்ப என் போன்லேருந்தே சொல்லு."

"நெஜமாவா?"

"நெஜமான்னும் நீயே பாத்துத் தெரிஞ்சுக்க."

திவேஷினி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இங்க எல்லாரும், நம்பும்மா, நம்பும்மான்னே சொல்றாங்க அத்தை" என்றாள். பிறகு, "சனிக்கிழமை தர்வினைக் கூட்டிட்டு வரேன். மாமா கொண்டாந்து விடறேன்னாரு" என்றாள்.

போனை வைத்த பிறகு, மூன்று வருடத்தில் முதல் தடவையாக, குணவதி அடக்கிக்கொள்ளாமல் அழுதாள்.